சிலமலைக் கிணற்றில் இருப்பது எந்த மழை?

1

பெர்கன் நகருக்கு வந்து இந்த வைகாசியோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் முடிந்தன. நார்வேயின் மேற்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் இது. கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி இங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். முதல் ஆண்டு, மழை பெய்த நாளுக்கெல்லாம் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து மழை பெய்யாத நாளுக்கு மட்டும் வைக்கிறேன். வேலை குறைவு.

முப்பத்தெட்டு முடிந்தது என் ஒருவனுக்குத்தான் நினைவிருந்தது. மகள் தேன்மொழி அன்று சாப்பிட வந்தது தற்செயல். அவளுக்கு முப்பத்தாறு வயது. இங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் நீரியல் ஆராய்ச்சி செய்கிறாள். மலையில் உருகும் பனி எந்த வழியாக, எத்தனை நாளில் ஆற்றுக்கு வந்து சேருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள். போன ஆண்டு பதினொரு முறைதான் வந்தாள். அவள் பேசுவது, மறைந்த என் மனைவியின் போடித் தமிழ். நடுவில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் நார்வேச் சொல்லைப் போட்டு அதற்குத் தமிழ் வால் ஒட்டிவிடுவாள். நான் திருத்தினால் முன்பெல்லாம் திரும்பச் சொல்வாள். இப்போது நிற்காமல் பேசிக்கொண்டே போய்விடுகிறாள்.

அன்று குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, இந்தத் தண்ணிக்கு என்ன வயசு சொல்லுங்க?"

"இப்பத்தானே பிடிச்ச. அரை நிமிசம்."

"அய்ய! இது மழையா விழுந்து எத்தன நாளாச்சுன்னு கேக்குறேன்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதையெல்லாம் கேட்டு என் ரசம் ஆறிப்போனது. உலகின் ஆறுகளில் ஓடும் நீரில் கணிசமான பங்கு, இரண்டு மூன்று மாதத்துக்குள் பெய்த மழைதானாம். பூமிக்கு அடியில் மிக ஆழத்தில் கிடப்பதோ பல நேரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையது. இன்னொன்றும் சொன்னாள்: ஒரே சரிவில் விழுந்த மழையில் மரம் குடிப்பது ஒரு தண்ணீராகவும் ஓடைக்குப் போவது வேறொரு தண்ணீராகவும் இருக்கலாம் என்று சில ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரே மண்ணுல ரெண்டு தண்ணியா?"

"ஆமா. அத வச்சுத்தான் எங்களுக்குள்ள சண்டையே."

அந்த நேரத்தில்தான் சிலமலையிலிருந்து தம்பி முத்துச்சாமி கூப்பிட்டான்.

2

போடிநாயக்கனூரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது சிலமலை. மலையடிவாரத்தில் தம்பிக்கு மூன்று ஏக்கர், நூற்று நாற்பது தென்னை, அறுபத்திரண்டு அடி ஆழத்தில் ஒரு கிணறு. இரண்டு கோடையாக, காலையில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் கிணறு காலியாகிவிடுகிறது.

"அண்ணே, கிணத்த மூடிரலாம்னு இருக்கேன். ஆடி பொறக்குறதுக்குள்ள போர் போட்டாகணும்."

"போர் போடுறதுக்குக் கிணத்த எதுக்குடா மூடணும்?"

"வண்டி உள்ள வர வேற பாதை எங்க இருக்கு? அங்குட்டுப் பூரா அடுத்தவன் வாழை. கிணத்து ஓரமா ஏத்துனா வண்டியோட உள்ள போயிருவாங்க."

"ஆயிரம் அடி போட்டும் தண்ணி வரலைன்னா?"

"வாயக் கழுவுங்கண்ணே."

ஆனால் நான் கேட்டது நியாயமான கேள்வி. போர் பொய்த்தால் கிணறும் இருக்காது, போரும் இருக்காது. நூற்று நாற்பது தென்னையும் இரண்டு கோடை தாங்காது. கிணறு திரும்ப ஊறும் என்றால் மூடக்கூடாது. ஊறவே ஊறாது என்றால் வைத்துக்கொண்டு பயனில்லை. இதை முடிவு செய்ய முதலில் ஒன்று தெரிய வேண்டும்.

"கிணத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"இதென்ன கேள்வி? மேமலையில இருந்துதான். மேல ஏலத் தோட்டத்துக்காரன் அம்புட்டுப் பேரும் போரைப் போட்டு உறிஞ்சுறான். அப்புறம் நமக்கு எங்குட்டு வரும்?"

இதைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் எழுபத்து நான்கு வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். மலை மேலே போடிமெட்டில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை நாள் கணக்கில் பெய்யும். அதே நாளில் கீழே போடியில் காற்று மட்டும்தான் வீசும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். இரண்டும் வேறு வேறு மழை. கிணற்றில் இருப்பது இரண்டில் எது?

தம்பியோடு நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தேன்மொழி, "அதக் கண்டுபிடிக்கலாமே," என்றாள்.

அவள் விளக்கியது இது: எந்தத் தண்ணீரிலும் கனமான தண்ணீரும் லேசான தண்ணீரும் கலந்தே இருக்கின்றன. ஆவியாகும்போது லேசானது முந்திக்கொள்ளும். மழையாக விழும்போது கனமானது முந்திக்கொள்ளும். ஆகவே வந்த வழியையும் ஏறிய உயரத்தையும் பொறுத்து ஒவ்வொரு மழைக்கும் ஒரு கலவை அமைந்துவிடுகிறது. கருவியில் சில துளி விட்டால் இரண்டு எண்கள் கிடைக்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இரு பருவ மழைகளையும் பிடித்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். கிணற்றின் எண்களை அவற்றோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பெயின்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் எடை பார்த்தவன் நான். மழைக்கு மழை எடை மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

3

போடியைச் சேர்ந்த ஒரு செவிலியர் ஒஸ்லோவில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு ஊர் போயிருந்தார். திரும்பும்போது மூன்று சிறிய பாட்டில்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சம்மதித்தார். தண்ணீர் எடுக்கும் முறையை நான் எழுதி அனுப்பினேன். மொத்தம் பதினான்கு விதிகள். பாட்டிலை மூன்று முறை அதே தண்ணீரில் அலசவும். விளிம்பு வரை நிரப்பவும். உள்ளே குமிழி நிற்கக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டவும். ஒன்பதாவது விதி மிக முக்கியம்: ஒரே வாளித் தண்ணீரை மூன்றாகப் பிரிக்காமல், ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியாக இறைக்கவும். தம்பி மனைவி பேச்சியம்மாள்தான் செய்தாள். தம்பிக்கு வேறு சோலி இருந்தது.

பாட்டில்கள் வந்தபோது ஒட்டுநாடா நான்கு சுற்று, குமிழி ஒன்றுகூட இல்லை. எனக்கே ஆச்சரியம். தேன்மொழி மூன்றிலும் பாதியளவு எடுத்துக்கொண்டு போனாள். மிச்சத்தை என் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். கதவைத் திறந்தால் சூடேறுமோ என்று பால் எடுப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் கூப்பிட்டாள். "முதல் பாட்டில் முடிஞ்சிருச்சுப்பா. மழைத் தண்ணி மாதிரியே இல்ல. வெயில்ல கிடந்து ஆவியாகி மிஞ்சுன தண்ணி மாதிரி இருக்கு. குளம், கண்மாய் அந்த மாதிரி. மத்த ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் அந்த இரண்டுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. அடுத்த நிமிடமே தம்பியைக் கூப்பிட்டு, கிணற்றில் இருப்பது கண்மாய்க் கசிவு என்று சொல்லிவிட்டேன்.

"அப்பிடிப் போடுங்க!" என்றான். "கண்மாயே வத்தி விளையாட்டுத் திடலாக் கிடக்கு. இனிக் கிணத்த வச்சு என்னத்தப் பண்ண? மண்ணுக்குச் சொல்லிர்றேன்."

செவ்வாய்க்கிழமை மாலை, அவளுடைய ஞாயிறு இல்லாத ஒரு நாளில், தேன்மொழி வாசலில் வந்து நின்றாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"மூணு பாட்டிலும் ஒரே கிணறாப்பா?"

"ஒரே கிணறு."

"ஒரே நாளு?"

"ஒரே காலை. ஏன்?"

"மூணும் மூணு கதை சொல்லுது. ஒண்ணு கொஞ்சம் ஆவியாயிருக்கு, ஒண்ணு ரொம்ப, ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல. ஒரே கிணத்துக்குள்ள அப்பிடி வராது. எங்க, மிச்சத்தக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்தவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மிக லேசான பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, போடியில கிணத்துத் தண்ணியிலேயே ஏலக்கா வாசம் வருமா?"

4

மறுநாள் காலை பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். தேன்மொழி வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அந்தத் தண்ணிய என்ன செஞ்ச?"

"நீங்க எழுதுன மாதிரிதான் மாமா செஞ்சேன்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால என்ன, நல்லாக் காய்ச்சி, ஏலக்காத் தொலி ரெண்டு போட்டு, ஆற வச்சு, வெள்ளத் துணியில வடிகட்டுனேன்."

"காய்ச்சுனியா!"

"பின்ன, பச்சத் தண்ணியவா கொடுத்துவிடச் சொல்றீங்க? போன தடவ வந்தப்ப அதக் குடிச்சுப்பிட்டுத்தான் நாலு நாளு வயித்தால போயிப் படுத்தீங்க. மறந்துபோச்சா?"

"குடிக்கிறதுக்கு இல்லம்மா."

"தண்ணிய வேற என்னத்துக்கு மாமா அம்புட்டுத் தொலவு கொண்டு போவாக?"

எங்கள் பக்கம் வெளியூரிலிருந்து வந்தவருக்கும், வெளியூர் போகிறவருக்கும் காய்ச்சாத தண்ணீர் கொடுப்பதில்லை. ஏலக்காயைச் சுத்தம் செய்யும் வீடுகளில் தொலிக்குப் பஞ்சமில்லை. கொதிக்கிற தண்ணீரில் அதைப் போடாமல் யாரும் இறக்குவதில்லை. மரியாதைக்கு ஒரு குறைவும் வராமல் அவள் செய்திருக்கிறாள். சட்டியைத் திறந்துவைத்துக் காய்ச்சக் காய்ச்ச லேசான தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போயிருக்கிறது. எனக்கு வந்தது மிஞ்சியது.

"சரி, மூணும் ஏன் வேற வேற மாதிரி இருக்கு?"

"நீங்கதான தனித்தனியா இறைக்கச் சொன்னீங்க. தனித்தனியா இறைச்சு, தனித்தனியாத்தான் காய்ச்சுனேன். நடுவுல ஒண்ணு, பால்க்காரர் வந்தாருன்னு கொஞ்சம் கூடச் சுண்டிப்போச்சு."

தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பதினாலு எழுதியிருந்தீங்க மாமா. பதினாலும் செஞ்சேன். காய்ச்சக் கூடாதுன்னு அதுல எங்க இருக்கு, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். இல்லை.

5

தம்பியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"போன வாரம் கண்மாய்த் தண்ணின்னீங்க. இந்த வாரம் அது இல்லைங்கிறீங்க. போர் வண்டிக்காரன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? எங்க அண்ணன் மறுபடியும் மோந்து பாக்கப் போறாருன்னா?"

"என் தப்புதான்டா. அவசரப்பட்டுட்டேன்."

அவனிடம் நான் அப்படிச் சொன்னதே கிடையாது.

"ஆடி பொறக்கப் பதினெட்டு நாளு இருக்கு. கடைசி மூணு நாளு எனக்கு வேணும். பாக்கிப் பதினஞ்சு உங்களுக்கு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

இந்த முறை ஒரே ஒரு விதி எழுதினேன்: இருக்கிறபடியே பிடித்து மூடவும். அதோடு தேன்மொழி இன்னொன்றும் கேட்டாள். மலை மேல் பெய்த மழையும் வேண்டும். போடிமெட்டுச் சாலையில் பாறை இடுக்கில் ஒழுகும் ஊற்றிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கிணறு தாழ்வில் இருக்கிறது, ஊற்று உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கும் கழித்துப் பார்க்க வேண்டும் என்றாள். தம்பி முணுமுணுத்துக்கொண்டே விடியற்காலையில் தோட்ட வேலைக்காரர்கள் போகும் ஜீப்பில் தொற்றிப் போய்ப் பிடித்து வந்தான்.

அனுப்புவதில் சிக்கல். கூரியர் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். தண்ணீர் என்றான். தண்ணீரெல்லாம் வெளிநாட்டுக்குப் போகாது என்றார்கள். அவன் திரும்பப் போகிற நேரத்தில் அங்கிருந்த பெண் கேட்டாளாம், "தீர்த்தமாண்ணே? தீர்த்தம்னா அனுப்பலாம்." தம்பி ஒரு நொடி யோசித்துவிட்டு, "தீர்த்தந்தான் தாயி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அதனால் இங்கே சுங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. வழிபாட்டுப் பொருளா, விற்பனைக்கா, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கேள்விகள். உண்மையை எழுதினால் தம்பி பொய்யன். பொய்யை எழுதினால் நான் பொய்யன். கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். நாற்பத்தொரு நிமிடம் வரிசையில் நின்ற பிறகு ஒரு குரல் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டு பேசிய மொழியில், இது கிணற்றுத் தண்ணீர், இதற்கு எந்த மழை தகப்பன் என்று பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பிறகு, இங்கிலீஷில் பேச விரும்புகிறீர்களா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்கள்.

கடைசியில் தேன்மொழியின் ஆய்வுக்கூடம் ஒரு கடிதம் கொடுத்த பிறகு பாட்டில்கள் விடுபட்டன. பதின்மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கருவியில் வேறு ஒருவரின் பனிக்கட்டி நீர் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காம் நாள் மாலைதான் எங்கள் முறை வந்தது.

6

பதினைந்தாம் நாள் காலை ஏழே முக்காலுக்குத் தேன்மொழி வந்தாள். ஊரில் அப்போது பதினொன்றேகால். "சித்தப்பாவக் கூப்பிடுங்க," என்றாள். முடிவு என்ன என்று கேட்டேன். எனக்குச் சொல்லவில்லை. "முதல்ல அவருக்குத்தான்," என்றாள். என் மேல் தப்பு இருந்ததால் நான் வாதாடவில்லை.

படத்தோடு பேசும் அழைப்பு. தம்பி தோட்டத்தில் தலையில் துண்டோடு நின்றான். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"சித்தப்பா, ரெண்டு தண்ணியும் ரெண்டு மழை. மேல ஊத்துல வர்றது ஆனி, ஆடி மழை. உங்க கிணத்துல கிடக்குறது அது இல்ல. உயரத்தக் கழிச்சும் பாத்துட்டேன். அது ஐப்பசி, கார்த்திகை மழை. கீழ பெஞ்சது. உங்க தோட்டத்துக்கு மேல இருக்க சரிவுல விழுந்து உள்ள இறங்குனது."

"அப்ப மேல போரைப் போட்டிருக்கானே, ஏலத் தோட்டத்துக்காரன்?"

"அவங்க எடுக்குறது வேற தண்ணி. ஒரு தடவ பிடிச்சத வச்சு இம்புட்டுத்தான் நான் சொல்லுவேன். ஆனா இம்புட்டு நல்லாத் தெரியுது."

தம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"ஐப்பசி மழை நல்லாத்தான் பெய்யுது ஆத்தா," என்றான். "போன ஐப்பசியும் நல்லாத்தான் பெஞ்சுச்சு. கிணறுதான் ஊறல."

"பெய்யிற தண்ணி எங்க போகுது?"

"மேல ஒரு ஓடை இருக்கு. நம்ம பட்டாவுக்குள்ளதான். முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு வரும். மழைக் காலத்துல தண்ணி நாலு நாளு தென்னைக்குள்ளயே நிக்கும், காலு வைக்க முடியாது. எட்டு வருசத்துக்கு முன்னாடி மெசின விட்டு நேரா வெட்டிவிட்டேன். இப்ப ஒரு மணி நேரத்துல ரோட்டுப் பாலத்துக்குப் போயிரும். எம்புட்டு வெரசாப் போகுது பாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." நிறுத்தினான். "நாந்தான் ஆத்தா. மலையில இருக்கவன வஞ்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தேன்மொழி என் பக்கம் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அப்ப மெதுவாப் போக வைங்க சித்தப்பா. குறுக்க மண்ணப் போட்டு நிறுத்துங்க. நின்னா இறங்கும்."

"நிறுத்துனா கிணறு ஊறுமா?"

"தெரியாது." அவள் அதை அழுத்தமாகச் சொன்னாள். "ஒரு ஐப்பசி பாத்தாத்தான் தெரியும். கிணத்த மூடிட்டா அதப் பாக்கவே முடியாது."

அப்போது பேச்சியம்மாளின் குரல் எங்கிருந்தோ கேட்டது. "விடிஞ்சதுல இருந்து நாலு லோடு கொட்டியாச்சு. அஞ்சாவது வண்டி வந்து நிக்கிது. அவன் சாப்பிடப் போகணும்ங்கிறான். என்ன செய்யிறதாம்?"

நாலு லோடா! எனக்குக் கொடுத்த தவணையின் கடைசி நாளிலேயே தம்பி மண்ணை இறக்கத் தொடங்கிவிட்டான். தொலைபேசியை அவன் திருப்பிய போதுதான் பார்த்தேன்: கிணற்று மேட்டில், விளிம்புக்கு நாலைந்து அடி தள்ளி, செம்மண் குவியல் குவியலாகக் கிடந்தது. இன்னும் உள்ளே தள்ளவில்லை. அதற்கு அப்பால் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது.

ஓடையின் அகலம் என்ன, எவ்வளவு உயரம் போட வேண்டும், அஞ்சு லோடு போதுமா, முதல் மழையிலேயே கரைந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்க ஆரம்பித்தேன். தம்பி காதில் வாங்கவில்லை. தொலைபேசியைப் பிடித்தபடியே டிராக்டரை நோக்கி நடந்தான். எங்களுக்கு வானமும் தென்னை ஓலையும் மாறி மாறித் தெரிந்தன.

"யப்பா, இங்க கொட்டாத," என்று அவன் கூவுவது கேட்டது. "கிணத்துக்கு வேண்டாம். மேல ஏத்து, ஓடைக்கு."